தேசிங்குராசன் கதையும் நிறைவாழ்வும்

மக்களாய்ப் பிறந்தார் யாவர்க்கும் தாம் இன்றுள்ள நிலையினின்றும் மேம்படல் வேண்டும் என்னும் விழைவு இயல்பாக உள்ளது. மாணாக்கன் கல்வியில் மேம்பட விழைகின்றான். வணிகன் பொருளில் விழைகின்றான். வேலையாள் தன் தொழிற்றிறத்தில் விழைகின்றான். இவ்விழைவு இழிவுடையதன்று. உயிர் அறிவுடைப் பொருளாகலானும், அறிவுடைப் பொருள் குறைவில் அமைந்து நில்லாதாகலானும், இஃது உயிரின் இயல்பிலேயே தோன்றுவதாம். ஆயின், மேம்பாடு என்பதுதான் யாது? எதனில் வளர்ந்தானை வளர்ந்தவன் என்று சொல்வது? இவ்வினாவிற்கு விடை காணாமல் வளர்ச்சியை நாடுவோர், சேருமூர் இன்னதென்று அறியாமல் வழி நடப்பாரை ஒப்பர்.

மேனாட்டில் சாமுவேல் சுமைல்சு என்பார் தன்முயற்சியைப் பொருளாகக் கொண்டு 1859-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர் அத்துறையில் எண்ணிறந்த நூல்கள் எழுந்தன. தமிழகத்தில் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள், ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களை ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ முதலிய பெயர்களால் தமிழில் ஆக்கித் தந்தார்கள். அவர்களே 1935-ஆம் ஆண்டில் சிவஞானபோதத்திற்கு ஓர் உரையும் வெளியிட்டார்கள். இவ்விரு பணியும் ஒருவரிடத்தே அமைந்தமை கருதத்தக்கது. முன்னையவை மனத்தைத் திருத்திக்கொள்ளும் நெறியைக் கூறுவன. பின்னையது அம்மனத்தைக் கருவியாகவுடைய உயிர் யாது, அஃது எதனைச் சார்ந்து நிறைவெய்தும் என்பதனைக் கூறுவது. முன்னையவற்றோடு நின்றுவிடுவார்க்குப் பின்னையதன் இன்றியமையாமை புலப்படுதல் அரிது. இக்காலத்து இளைஞர் கைகளிற் காணப்படும் முன்னேற்ற நூல்கள் பெரும்பாலும் துணிவு, விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்னும் மூன்றனையே மீட்டும் மீட்டும் வற்புறுத்துகின்றன. இம்மூன்றும் குறைவின்றி அமைந்த ஒருவன் நிறைந்தவன் ஆவானா? இதனை ஆராய்தற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உரைகல் உண்டு. அது செஞ்சியிற் பிறந்து தெருத்தோறும் பாடப்பெற்ற தேசிங்குராசன் கதையாகும்.

‘பெரிய எழுத்து’ப் பதிப்புக்களாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பெற்ற இக்கதையைப் புலவர் பலர் ஒரு பொருளாகக் கொள்வதில்லை. யாப்பு நெகிழ்ச்சியும் கொச்சைமொழியும் மிக்கது என்று அவர் ஒதுக்குவர். பாமரரோ, வீரமென்றால் இதுவே வீரம் என்று தலைமேற் கொள்வர். இவ்விருவர் கருத்தும் இக்கதையின் உட்பொருளைச் சென்று தொட்டனவல்ல. ஒதுக்குவோர் அதன் அறிவை அறியார். போற்றுவோர் அதன் எச்சரிக்கையைக் கேளார்.

முதற்கண் வரலாற்றினைச் சுருங்கக் காண்டல் நலம். செஞ்சி, இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலாற் பிணைத்தமைத்த கோட்டையாகும். 1677-ஆம் ஆண்டில் மராட்டிய மன்னர் சிவாசி இதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் இதனுள் இருந்துகொண்டு மொகலாயர் முற்றுகையைப் பல்லாண்டு தாங்கினார்; 1698-ஆம் ஆண்டிலேயே கோட்டை மொகலாயர் கைப்பட்டது. அதன்பின் 1700-ஆம் ஆண்டில் அவுரங்கசீப்பு, புந்தேலரசபுத்திரராகிய சொரூப்சிங்கு என்பாரைக் கோட்டைத்தலைவராக அமர்த்தினார். அவர் மகன் தேசசிங்கே மக்கள் வாயில் தேசிங்கு என வழங்கினான். தந்தை இறந்தபின் 1714-ஆம் ஆண்டில் அவன் செஞ்சியை ஏற்றான். திறைப்பொருள் குறித்து ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்கும் அவனுக்கும் பகை மூண்டது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த போரில் தேசிங்கு மாண்டான். அப்போது அவனுக்கு அகவை இருபத்திரண்டு என்பர். அவன் ஆண்டது சில திங்களே. 1943-ஆம் ஆண்டில் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு இச்செய்திகளை விரித்துரைக்கின்றது. 2025-ஆம் ஆண்டில் மராட்டியர் படைநிலங்கள் என்னும் தொகுதியுள் ஒன்றாக இக்கோட்டை உலகமரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றுள்ளது.

பல தலைமுறை ஆண்ட மன்னர் பலரைத் தமிழ்மக்கள் மறந்தனர். சில திங்கள் ஆண்ட இவ்விளைஞனை, அதிலும் வடபுலத்தினின்று வந்த குடியிற் பிறந்தவனை, முந்நூறாண்டாக மறந்திலர். யாது காரணம்? அவனிடத்தே மக்கள் தாம் விழையும் ஏதோ ஒன்றனை நிறையக் கண்டனர் என்பதே காரணம். அஃது உண்மையிலே நிறைவுதானா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கதை ஒரு குதிரையிலே தொடங்குகின்றது. தில்லியரசனிடத்தே எவர்க்கும் அடங்காத ஒரு குதிரை இருந்தது. அதனை அடக்கமாட்டாமையால் தேசிங்கின் தந்தை தில்லியிலே சிறைப்பட்டார். சிறுவனாகிய தேசிங்கு அதனைக் கேட்டு அத்துணைத் தொலைவுஞ் சென்று, அக்குதிரைமேல் ஏறி, அதனை அடக்கித் தந்தையை மீட்டான். குதிரையையும் பரிசாகப் பெற்றான். பாராசாரி என்னும் அக்குதிரை அன்றுமுதல் அவன் ஊர்தியாயிற்று. இது வரலாறன்று, பாடகர் புனைந்ததேயாம். ஆயினும் புனைந்தவர் அறியாது புனைந்திலர். ஒருவன் யாவன் என்பதனை அவன் முதற்செயலாற் காட்டுதல் கதைமரபு. தேசிங்கின் முதற்செயல் பிறர்க்கு அடங்காததனை அடக்கியது. அதிலே துணிவு உண்டு; விடாமுயற்சி உண்டு; தன்னம்பிக்கை உண்டு. தந்தைமேல் வைத்த அன்பும் உண்டு. இளமையில் ஒருவன் பெறவேண்டுவன யாவும் அவன் பெற்றுவிட்டான் என்றே கேட்போர் கருதுவர்.

சைவர்க்கு மற்றொரு குதிரைக்கதை நினைவுக்கு வருதல் இயல்பு. திருவாதவூரர் பாண்டியனுக்குக் குதிரை கொள்ளச் சென்றார், குதிரை கொண்டிலர், சிறைப்பட்டார். அங்கும் அரசன், குதிரை, சிறை என்னும் மூன்றும் உள. ஆயின் அங்கே குதிரை கொணர்ந்தவன் இறைவன். தம் செயல் ஒழிந்த இடத்தே அவன் செயல் தோன்றியதனை வாதவூரர் கண்டனர். தேசிங்கோ தன் கையின் வலியொன்றனையே கண்டான். சிறுவன் அதனை மட்டும் கண்டது குற்றமாகாது. அதன்பின்னும் வேறொன்றனைக் காணாமல் வளர்ந்தமையே அவன் கதையைத் துன்பக்கதை ஆக்கியது. குதிரையை அடக்கிய அன்று அவன் எங்கு நின்றானோ, இருபத்திரண்டாம் அகவையில் மாண்ட அன்றும் அங்கேயே நின்றான். உடல் வளர்ந்தது, புகழ் வளர்ந்தது, உள்ளம் அக்குதிரையின் முதுகினின்றும் இறங்கவேயில்லை.

இவ்வாறு கூறுதல் பிற்காலத்தார் ஏற்றிச் சொல்லும் பழியன்று. கதையே இதனைக் கூறுகின்றது. நவாபின் படை வந்தது என்று கேட்டதுமுதல் தேசிங்கு மாளும் வரையில், நின்று எண்ணுக என்று அவனுக்கு மூன்று இடங்களைக் கதை அமைத்துத் தருகின்றது. மூன்றிடத்தும் அவன் நிற்கவில்லை.

முதலாவது சிங்கவரம். செஞ்சிக்கு அண்மையிலுள்ள அக்குன்றிலே பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ளார். தேசிங்கின் வழிபடுதெய்வம் அவரே. போர்க்குச் செல்லுமுன் அவன் விடைபெறச் சென்றபோது, செல்லவேண்டா என்னுங் குறிப்பாகத் தெய்வம் முகந்திருப்பிக் கொண்டது என்று கதை கூறும். இன்றும் அத்திருவுருவின் தலை ஒருபாற் சாய்ந்திருத்தலைக் காட்டி அவ்வூரார் இக்கதையைச் சொல்லுகின்றனர். வழிபடுவோன் தெய்வத்தினிடத்தே எதற்குச் செல்கின்றான்? தன் கருத்தைத் தெய்வத்தின் கருத்துக்கு அமைப்பதற்கா, தெய்வத்தின் கருத்தைத் தன் கருத்துக்கு அமைப்பதற்கா? தேசிங்கு முன்னரே முடிவு செய்துகொண்டு சென்றான். அவன் நாடியது உடன்பாடேயன்றி அறிவுரையன்று. ஆகவே தெய்வம் முகந்திருப்பியது எனக் கதை கூறினும், உண்மையில் முகந்திருப்பிச் சென்றவன் தேசிங்கே என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாம். அருள் எஞ்ஞான்றும் உயிருக்குப் புறங்காட்டுவதில்லை. மறைத்தலும் அருளே என்பது சித்தாந்தத் துணிபு. மறைப்பதுபோற் காட்டிய அவ்வருளைக் கண்டும் அவன் காணாதவனாயினான்.

இரண்டாவது ஆறு. இடைப்பட்ட ஆறு பெருக்கெடுத்தோடியது. படைவீரர் தயங்கினர். வெள்ளம் வடியும்வரை பொறுத்திருத்தல் கோழைமையன்று. படை நடத்துவார் யாவரும் கொள்ளும் முறையே அஃது. தேசிங்கு குதிரையை வெள்ளத்திற் செலுத்தினான். அவனைப் பின்பற்றியோர் சிலரே. பகைப்படையோ பெரியது. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமையின் கருத்து இங்கே விளங்கும். வலிமை வேறு, வலியறிதல் வேறு. முன்னையது தேசிங்கினிடத்தே நிரம்ப இருந்தது. பின்னையது ஒருசிறிதும் இருந்திலது.

மூன்றாவது நண்பன். பாடகர் வாயில் மோவுத்துக்காரன் என வழங்கும் மகபத்துக்கான் இக்கதையின் ஒளியாவான். அவனுக்கு வழுதாவூரில் மணம் நிகழ்ந்துகொண்டிருந்தது. போர்ச்செய்தி எட்டியதும் மணக்கோலத்தோடே அவன் குதிரையேறினான். தேசிங்கு திருமாலை வழிபடுவோன், இவன் இசுலாமியன். எதிர்த்து நின்ற நவாபும் இசுலாமியனே. சமயத்தையும் மணப்பெண்ணையும் தன் உயிரையும் நட்பிற்குப் பின்னாக வைத்த இவனைப் பாடும்போது பாடகர் குரல் தழுதழுத்தல் வியப்பன்று. இந்நண்பன் போரிலே வீழ்ந்தான். அவன் வீழ்ந்த பின்னரே தேசிங்கு தான் செய்தது இன்னதென்று உணர்ந்தான் போலும். வாளை மேலே எறிந்து அதனைத் தன் மார்பில் ஏற்று மாண்டான் என்கின்றது கதை. வரலாற்றாசிரியர் களத்திலே குண்டுபட்டு மாண்டான் என்பர். எது உண்மையாயினும், கதை தன் தலைவனைப் பகைவன் கையாற் கொல்லாமல் அவன் வாளாலேயே கொன்றமை பொருள்பொதிந்தது. அவனை வென்றவர் பிறர் இல்லை. அவனே அவனுக்குப் பகை என்று எழுத்தறியாப் பாடகர் கண்ட உண்மை அது. அவன் இளமனைவி உடன்கட்டை ஏறினாள் என்பதும், அவள் நினைவாகவே இராணிப்பேட்டை அமைந்தது என்பதும் வழக்கு. ஒருவன் மானத்திற்கு எத்துணை உயிர்கள் விலையாயின என்பதனை எண்ணுவார்க்கு நெஞ்சு நடுங்கும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். ‘அடிமையாய்த் திறைகொடுத்து வாழ்தலினும் மானத்தோடு மாள்தல் நன்றன்றோ? எண்ணி எண்ணி அடிவைப்பவன் எக்காலத்தும் வீரன் ஆகான். உலகம் எண்ணாது துணிந்தவராலேயே முன்னேறியது’ என்பர் ஒருசாரார். இதில் ஓரளவு உண்மை உண்டு. மானம் உயர்ந்ததே; உயிரைப் பெரிதெனக் கொண்டு அறத்தைக் கைவிடுவோன் வளர்ந்தவனாகான். ஆயின் தேசிங்கு போர் செய்யலாகாது என்பது ஈண்டுக் கூறப்படவில்லை. அவன் எதன்பொருட்டுப் போர் செய்தான் என்பதே வினா. குடிகளின் நலம் கருதியோ, அறம் கருதியோ அவன் வெள்ளத்தில் இறங்கியதாகக் கதை காட்டவில்லை. தன்னை ஒருவன் திறை கேட்டான் என்பதே அவனைச் செலுத்தியது. ‘என்னையா கேட்டான்’ என்னும் அந்த ‘என்னை’ என்பதே அவன் ஊர்ந்த உண்மைக் குதிரை. அஃது அவனை ஊர்ந்ததா, அவன் அதனை ஊர்ந்தானா என்பதனை அவன் அறிந்திலன்.

சித்தாந்தம் இதனை நன்கு விளக்குகின்றது. உயிர்க்கு விழைவு, அறிவு, செயல் என்னும் மூவாற்றலும் உண்டு. ஆணவமலம் அவற்றை அநாதியே மறைத்துநிற்கின்றது. இறைவன் மாயையினின்றும் தந்த கலை, வித்தை, அராகம் என்னும் கருவிகள் அம்மறைப்பைச் சிறிதே நெகிழ்த்த, செயலும் அறிவும் விழைவும் முறையே அவற்றின்வழிச் சிறிது விளங்குகின்றன. உலகர் வளர்ச்சி என்று கொண்டாடுவது பெரும்பாலும் இச்சிறு விளக்கமே. இருளில் ஏற்றிய கைவிளக்குப் போல்வது அது. கைவிளக்கு வேண்டா என்று எவரும் கூறார். அதனையே ஞாயிறு என்று கொள்ளுதல்தான் பிழை. தேசிங்கினிடத்தே செயலாற்றல் பெரிதும் விளங்கியது. விழைவு அதனினும் விளங்கியது. அறிவு அவற்றோடு ஒப்ப விளங்கவில்லை. மூன்று கால்களுள் ஒன்று குட்டையான முக்காலியில் அமர்ந்தான் விழுதல் எப்படியோ, அப்படியே அவன் வீழ்ச்சியும்.

அறிவு விளங்காமை என்பது கல்வியின்மை அன்று. புறத்திருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். ஆகலின் இருளில் நிற்பவன் தான் இருளில் நிற்றலை அறிவான். ஆணவத்தில் நிற்பவன் தான் ஒளியில் நிற்பதாகவே கருதுவான். ‘யான் வல்லேன்’ என்று ஒருவன் உறுதியாக எண்ணும் அந்நேரமே அவன் வலிமைக்கு இடையூறாய நேரமும் ஆதல் இதனாலாம். தன்னம்பிக்கையை மட்டும் வளர்க்கும் நூல்கள் இவ்விடத்தை அறியாமல் கடந்துபோகின்றன. நம்பத்தக்க ‘தான்’ யாது, நம்பத்தகாத ‘தான்’ யாது என்று அவை பிரித்துக் காட்டுவதில்லை.

செஞ்சியின் சூழலிலேயே இதற்கு ஒரு நல்ல விளக்கம் கண்கூடாக அமைந்துள்ளது. செஞ்சியினின்று விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றியே இது செய்யப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டிற் கூறினான். செஞ்சிக்கோட்டை கல்லின்மேற் கல்லை அடுக்கி உயர்த்தியது. மண்டகப்பட்டுக் கோயில் வேண்டாத கல்லை நீக்கி நீக்கி வெளிப்படுத்தியது. மனிதன் வளர்தற்கும் இவ்விரு வழிகள் உள. ஒன்று, ஆற்றல், பொருள், புகழ் என்று மேன்மேலும் சேர்த்துக்கொள்ளுதல். மற்றொன்று, தன்னை மறைத்துநிற்கும் அழுக்கை நீக்கிக்கொள்ளுதல். முன்னையது புறப்பகைக்கு அரணாகும், உட்பகைக்கு ஆகாது. செஞ்சியின் மதில்களோ முந்நூறாண்டு கழிந்தும் நிற்கின்றன; அவற்றுள் இருந்த தேசிங்கை அவை காக்கமாட்டாவாயின. பின்னையதே சித்தாந்தம் கூறும் வளர்ச்சி. செம்பிற் களிம்பு நீங்கச் செம்பு புதிதாக ஒளி பெறுவதில்லை. மறைந்திருந்த ஒளியே வெளிப்படுகின்றது. உயிரும் அத்தகையதே.

அழுக்கை நீக்குதல் தன் முயற்சி ஒன்றாலேயே கூடுமா என்பது அடுத்த வினா. செஞ்சியூர்க்கு வடபால் திருநாதர்குன்று என்னும் பாறைக்குன்று உள்ளது. அதன்கண் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசையாகப் பொறிக்கப்பெற்றுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர்நீத்தார் என்று மிகப் பழையதொரு கல்வெட்டுக் கூறுகின்றது. பிற்காலத்தே இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து மாண்டமையும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. தேசிங்கு ஒருநாட் போரிலே பெரும்படையை எதிர்த்தான். சந்திரநந்தியார் ஐம்பத்தேழு நாள் தம் உடலின் பசியையே எதிர்த்தார். எது பெரிய வீரம் என்று கேட்டால், அறிஞர் விடை கூறத் தயங்கார். கொள்கையால் வேறுபட்டோராயினும் அவருடைய அடக்கத்தைச் சைவர் வணங்குதற்குத் தடையில்லை. எனினும், உயிர் தன் வலியாலேயே தன்னை வென்று நிறைவெய்தும் என்பதனைச் சித்தாந்தம் உடன்படுவதன்று. தன்னை அடக்கினேன் என்னும் நினைவும் நுண்ணியதொரு ‘யான்’ ஆதல் கூடும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது, தனித்து நில்லாது. மலத்தைச் சார்ந்தவழி மலமாயும், அருளைச் சார்ந்தவழி அருளாயும் நிற்கும். ஆகவே, எவ்வளவு வலியன் என்பதனினும் எதனைச் சார்ந்தவன் என்பதே ஒருவனை அளக்கும் கோலாகும்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. செஞ்சி அமைந்த நடுநாட்டிலேயே திருக்கோவலூர் உள்ளது. அங்கிருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் தேசிங்கைப் போலவே போர்வல்லவர். அவரைப் பன்முறை எதிர்த்துத் தோற்ற முத்தநாதன், நீறணிந்து சடைமுடி பூண்டு, புத்தகப்பையிலே படைக்கலத்தை மறைத்துக்கொண்டு, அவர் பள்ளியறையுள் நுழைந்தான். எங்கும் இல்லாததோர் ஆகமம் கொணர்ந்தேன் என்றான். நாயனார் அவனை மேலிருத்தித் தாம் கீழமர்ந்து வணங்கிய வேளையில், அவன் தான் எண்ணி வந்ததனை முடித்தான். காவலனாகிய தத்தன் வாளோடு பாய்ந்தான். வீழ்கின்ற நாயனார் அவனைத் தடுத்து, அவர் நம்மவர் என்று கூறி, அவருக்கு ஊறு நேராவண்ணம் கொண்டுபோய் விடுக எனப் பணித்தார். சினந்தெழுந்த நகரமாந்தரை விலக்கி அவனை எல்லைகடத்திவிட்டுத் தத்தன் மீண்டு வந்து சொன்ன பின்னரே அவர் உள்ளம் அமைதியுற்றது.

இருவரும் மன்னர், இருவரும் வீரர், இருவர் முடிவும் வாளால் நேர்ந்தது. ஆயின் வேற்றுமை எத்துணைப் பெரிது! தேசிங்கின் சினம் அவன் நண்பனைக் களத்துக்கு ஈர்த்தது. நாயனாரின் அடக்கம் பகைவனையும் உயிரோடு வீட்டிற்கு அனுப்பியது. தேசிங்கு குறிப்பைக் கண்டும் தெய்வத்தைப் பொருட்படுத்தவில்லை. நாயனார் பொய்வேடத்தினிடத்தும் மெய்ப்பொருளைக் கண்டார். தேசிங்கு தன் மானத்தைச் சார்ந்தான்; நாயனார் திருவேடத்தைச் சார்ந்தார். நாயனார் ஏமாற்றப்பட்டார் என்று சிலர் இரங்குவர். ஏமாற்றப்படுதல் அறியாமையின் பயன் என்பது பொதுவழக்கு. இங்கோ, வஞ்சம் வெளிப்பட்ட பின்னரும் அவர் கொண்ட நெறி அணுவும் பிறழவில்லை. வஞ்சத்தை அறிந்தும் அசையாத உள்ளத்தை ஏமாந்த உள்ளம் என்று கூறுதல் எங்ஙனம்? தன் வாழ்நாள் முழுதும் பயின்ற ஒன்று, சாகும் நொடியிலும் கைவிடாமல் நின்றதாயின், அதுவே நிறைந்த வளர்ச்சி. அக்கடைசி நொடியே ஒருவன் உண்மையில் எங்கே வளர்ந்தான் என்று காட்டுவது.

இவ்வாறு கூறியதனால் தேசிங்குராசன் கதை இளைஞர்க்கு வேண்டா என்பது கருத்தன்று. அது வேண்டுவதே. ஆனால் அதனைப் பாதியோடு நிறுத்துதல் தீது. குதிரையடக்கும் பகுதியை மட்டும் சொல்லி, ‘இவனைப்போல் ஆகுக’ என்று ஆசிரியரும் பெற்றோரும் கூறுவராயின், வெள்ளத்தில் இறங்கும் இளைஞரையே அவர் ஆக்குவர். சிங்கவரத்துத் திருமுகத்தையும், பெருகிய ஆற்றையும், மணக்கோலத்தோடு மாண்ட நண்பனையும் உடன்சொல்லி, ‘இவன் இங்கெல்லாம் நின்றிருக்கலாகாதா?’ என்று கேட்கச்செய்வராயின், அதே கதை நல்லாசிரியனாகும். கதையைப் புனைந்த பாடகர் அவ்விடங்களை வைத்தது அதற்காகவே. அவன் வீரத்தைப் பாடும்போது முழங்கும் பாட்டு, அவன் முடிவைப் பாடும்போது ஒப்பாரியாகின்றது. அவ்வொப்பாரியே அக்கதையின் தீர்ப்பு. அதனைக் கேளாமல் முழக்கத்தை மட்டும் கேட்பது கேட்பார் குற்றம்.

தம்மை மேம்படுத்திக்கொள்ள விழைவார்க்குச் சைவம் வகுத்த படிமுறை இவ்வுண்மையை ஒட்டியதே. சரியை உடலைப் பணியிற் பழக்குகின்றது; கிரியை அகத்தையும் புறத்தையும் ஒருங்கே பூசையில் நிறுத்துகின்றது; யோகம் மனத்தை ஒருவழிப்படுத்துகின்றது; ஞானம் இவை யாவற்றையும் செய்விப்பவன் யாவன் என்று காட்டுகின்றது. திருக்கோயிலைக் கூட்டுதலும் மெழுகுதலும் முதற்படியாக வைக்கப்பெற்றமை கருதற்பாலது. பெருஞ்செயல் செய்தே பெரியவன் ஆகவேண்டும் என்பாரை அந்நெறி ஒரு துடைப்பத்தைக் கொடுத்துத் தொடங்கச் சொல்கின்றது. குதிரையேறுதல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கூட்டுதல் எல்லார்க்கும் வாய்ப்பது. நாள்தோறும் தன் கையாற் செய்யும் அச்சிறு பணியிலே ‘யான்’ என்பது சிறிது சிறிதாகத் தேய்கின்றது. அது தேய்ந்த அளவே அறிவு விளங்கும்; அறிவு விளங்கிய அளவே செயலும் பயன்படும். அலுவலகத்தில் இருப்பானாயினும், வயலில் உழைப்பானாயினும், இம்முறையில் வளர்ந்தவன் தன் தொழிலிலும் பிறரினும் திறமுடையனாதல் காணலாம். அவன் கண்ணை மறைக்கும் ‘தான்’ அவனுக்கும் அவன் வேலைக்கும் இடையே வந்து நில்லாதாகலின் என்க.

இன்று செஞ்சிக்குச் செல்வோர் இராசகிரியின் உச்சிக்கு ஏறி மூச்சுவாங்க நின்று, கீழே பரந்த நிலத்தைக் கண்டு வியந்து மீள்கின்றனர். அவ்வண்ணம் ஏறினார் சற்றே தொலைவிலுள்ள சிங்கவரத்துக்கும் சென்று, சாய்ந்த அத்திருமுகத்தின்முன் சிறிதுபொழுது நிற்பாராயின் நன்று. எத்துணை உயரம் ஏறினோம் என்பதனை மலையுச்சி சொல்லும். எங்கே நிற்கவேண்டும் என்பதனை அத்திருமுகமே சொல்லும். தேசிங்கு கேளாத சொல் அது. கேட்பார்க்கு அது இன்றும் சொல்லப்படுகின்றது.